தோள் எலும்பு நொறுங்கினால் பிளேட் கட்டாயமா?

மருத்துவர் பதில்கள்

ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து வந்த கடிதங்களில் வழுக்கி விழுந்த கதைகளே அதிகம். அவற்றுள் தோள்பட்டை முறிவு பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 69. தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். விடியற்காலையில் பால் கறந்துவிட்டு எழுந்தவர் கட்டுத்தரை ஈரத்தில் வழுக்கி, பால் போசியைக் காப்பாற்றப் போய், இடது தோள் தரையில் மோத விழுந்துவிட்டார். ஈரோட்டில் ஒரு மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு மூன்று துண்டாக விலகியிருக்கிறது, பிளேட் வைத்தே தீர வேண்டும் என்றார். கோவையில் இன்னொருவர் அதே படத்தைப் பார்த்து, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு மூன்று வாரம் இருந்தால் போதும், தானே கூடிவிடும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. விழுந்து ஐந்து நாள் ஆகிறது. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், கவுந்தப்பாடி)

பதில்: இருவரில் ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார், மற்றவர் அக்கறையில்லாமல் சொல்கிறார் என்ற எண்ணம் உங்கள் வீட்டில் எழுந்திருந்தால், அதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு எலும்பு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இந்த முறிவில் வெகு சாதாரணம். நியூயார்க்கில் பணியாற்றிய சார்லஸ் நீர் என்ற அறுவை மருத்துவர் 1970-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் நாங்கள் கையாளுகிறோம். மேற்கை எலும்பின் மேல்முனையை அவர் நான்கு பாகங்களாகப் பார்த்தார்: கிண்ணத்தில் உருளும் பந்து, தோளைச் சுழற்றும் தசைநாண்கள் வந்து பற்றும் பெரிய புடைப்பும் சிறிய புடைப்பும், கீழே இறங்கும் தண்டு. எத்தனை விரிசல் ஓடியிருந்தாலும், ஒரு பாகம் 1 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் அல்லது 45 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் மட்டுமே அதைத் தனித் துண்டாக எண்ண வேண்டும் என்பது அவர் வகுத்த கணக்கு. வலியில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் ஒருவரின் எக்ஸ்ரேயில் அந்த 1 செ.மீ.யை அளப்பது ஓடும் வாய்க்காலில் முழம் போடுவதைப் போன்றது. ஒருவருக்கு மூன்று துண்டாகத் தெரிவது இன்னொருவருக்கு இரண்டாகத் தெரியும், சி.டி. ஸ்கேன் இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

துண்டுகளின் எண்ணிக்கையில் இருவரும் ஒத்துப்போனாலும், அடுத்து என்ன செய்வது என்பதில் வேறுபடுவார்கள். விலகிய எலும்பைச் சேர்த்து வைத்தால்தான் கை நன்றாக இயங்கும் என்பது கேட்ட உடனே மனதுக்குப் பொருந்திவிடுகிற நியாயம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே பிரிட்டனில் 32 அரசு மருத்துவமனைகள் சேர்ந்து, 2008 முதல் 2011 வரை 250 நோயாளிகளைத் திரட்டி, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அறுவைச் சிகிச்சையும் மீதிப் பேருக்கு ஆர்ம் ஸ்லிங் என்னும் கைத்தொட்டிலும் தந்தார்கள். பிராஃபர் என்பது அந்த ஆய்வின் பெயர். முடிவுகள் 2015-இல் வெளியாயின. சேர்ந்தவர்களின் சராசரி வயது 66. நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். ஏறக்குறைய உங்கள் தாயாரைப் போன்றவர்கள்தான்.

அதில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து மதிப்பெண் போடவில்லை. தலை வார முடிகிறதா, உடை உடுத்த முடிகிறதா, இரண்டு அக்குளையும் கழுவித் துடைக்க முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்பன போன்ற 12 கேள்விகளுக்கு நோயாளியே விடை சொல்ல, 48-க்கு இத்தனை என்று கணக்கிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அறுவை செய்துகொண்டவர்களின் சராசரி 39.07, செய்துகொள்ளாதவர்களின் சராசரி 38.32. ஒரு மதிப்பெண்கூட வேறுபாடில்லை. ஐந்தாம் ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் நிலை மாறவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்களில் இதயம், நுரையீரல் போன்ற பிற உறுப்புகளில் தொல்லை வந்ததாகப் பதிவான 10 பேரும் அறுவைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பின்னர், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2022-இல் இதுபோன்ற 10 ஆய்வுகளின் 717 நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தும் அதே முடிவுக்குத்தான் வந்தது: விலகிய தோள் முறிவுகளில் பெரும்பாலானவற்றில், ஓராண்டு இரண்டாண்டுக் கணக்கில், அறுவையால் கூடுதல் பலன் இல்லை, மறுபடியும் அறுவை அரங்குக்குப் போகவேண்டிய வாய்ப்பு மட்டும் கூடலாம்.

எலும்பு கோணலாகக் கூடியும் கை எப்படி இயங்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். கையைத் தலைக்கு மேல் முழுதும் தூக்குவது 180 பாகை என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கை முதுகுப்புறத்துச் சிப்பி எலும்பு விலாவின் மேல் சறுக்கித் தருகிறது. தோள் மூட்டு தருவது மீதி இரண்டு பங்குதான். முழங்காலையும் இடுப்பையும் போல உடல் பாரத்தைத் தாங்கும் வேலையும் இந்த மூட்டுக்கு இல்லை, கிண்ணமும் ஆழமற்றது. ஆகவே கொஞ்சம் கோணலை இது பொறுத்துக்கொள்ளும். மறுபுறம், பிளேட் தோற்பதற்கும் காரணம் உண்டு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலருக்கு அந்தப் பந்தின் உட்பகுதி, பார்வைக்கு முழுசாக இருந்து தட்டினால் பொத்தல் எனத் தெரியும் உளுத்த உத்தரம் போல இருக்கும். அதில் முறுக்கிய ஸ்குரூவுக்குப் பிடிமானம் குறைவு. பந்து மெல்ல அமிழ, ஸ்குரூவின் முனை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து கிண்ணத்தைச் சுரண்டத் தொடங்கும். அப்படி வந்தவர்களுக்கு நானே ஸ்குரூவைக் கழற்றியிருக்கிறேன். முறிவின்போதே பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்திருந்தால், எத்தனை அழகாகப் பொருத்தினாலும் சில மாதங்களில் பந்து இற்றுப்போவதும் உண்டு.

இந்த ஆய்வைக் காட்டி எல்லாரையும் ஸ்லிங் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அறுவை கட்டாயம் என்று மருத்துவர் கருதியவர்களையும், மூட்டு நழுவியவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. சேர்ந்த 250 பேரில் 128 பேருக்கு இரண்டு துண்டு, 93 பேருக்கு மூன்று துண்டு. நான்கு துண்டாகியிருந்தவர்கள் 11 பேர் மட்டுமே. மூன்று துண்டுக்கு அந்த முடிவை நம்பிக்கையோடு சொல்லலாம், நான்கு துண்டுக்கு அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இனி உங்கள் தாயாரிடம் வருவோம். வயது 69, இடது கை, மூன்று துண்டு, சர்க்கரை நோய்: இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நான் கோவை மருத்துவரின் பக்கம் நிற்பேன். ஆனால் உறுதி சொல்லும் முன் படத்தில் மூன்றைத் தேடுவேன். பந்துக்கும் தண்டுக்கும் இடையே கொஞ்சமாவது எலும்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறதா? தொடாமல் தண்டு முழுதாக மார்புப் பக்கம் இழுபட்டுப் போயிருந்தால் கூடாமலே போகும் ஆபத்து உண்டு. பெரிய புடைப்பு மேல்நோக்கியோ பின்நோக்கியோ எவ்வளவு ஏறியிருக்கிறது? பந்தின் வழவழப்பான முகமே பிளந்திருக்கிறதா? இந்த மூன்றையும் ஈரோட்டு மருத்துவரிடமே கேளுங்கள். அவர் பிளேட் வேண்டும் என்று சொன்னதற்கு இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. காரணம் துண்டு எண்ணிக்கை மட்டும்தான் என்றால் பொறுத்துப் பார்க்கலாம்.

ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் முடிவெடுத்தால், அறுவை தேவைப்பட்டாலும் காலம் கடந்துவிடாது. ஒரு வாரம் ஸ்லிங்கில் வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து, எலும்பு இருந்த இடத்தில் இருக்கிறதா, மேலும் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது எவ்வகையிலும் அலட்சியமாகாது.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு குறிப்பிடுகிறேன். எக்ஸ்ரே படம் வாட்ஸ்அப்பில் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் மருமகனுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, அறுவை வேண்டுமா என்ற முடிவைப் பெரும்பாலும் அவர்கள்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்குப் படம் நேராக இருக்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியதோ கொண்டை போடவும், சேலைத் தலைப்பை எடுத்துச் செருகவும், மாட்டுக்குத் தீவனம் அள்ளி வைக்கவும் கை வருவது. அவரைத் தனியாக உட்கார வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. விசைத்தறி ஓட்டுகிறேன். பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்ததில் வலது தோள் எலும்பு உடைந்து, மூட்டும் நழுவிவிட்டது என்று சொல்கிறார்கள். தோளின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லை. தோள் முறிவுக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டதாக நண்பர் சொல்கிறார். வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள். (வாசகர், சோமனூர்)

பதில்: இவருக்கு இதழ் அச்சாகும்வரை காத்திராமல் கடிதம் கிடைத்த அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

உங்கள் நண்பர் சொன்ன ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது. முறிவோடு மூட்டும் நழுவியிருந்தால் அது அவசரம். பந்து கிண்ணத்துக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ரத்த ஓட்டத்துக்கும், அக்குள் வழியாகப் போகும் நரம்புக்கும் கேடு. யாராவது கையைப் பிடித்து இழுத்து மூட்டை ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உடைந்த எலும்போடு இழுத்தால், விரிசல் விட்டிருந்த பந்து தண்டிலிருந்து முழுதாகப் பிரிந்துவிடக்கூடும். படம் எடுத்துப் பார்த்து, மயக்கம் கொடுத்து, தேவைப்பட்டால் திறந்து வைப்பதற்கு ஆயத்தமாக இருக்கும் இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும்.

தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லாமல் போவது, எலும்பின் கழுத்தைச் சுற்றிப் போகும் அக்குள் நரம்பு அடிபட்டதன் அடையாளம். பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கியோ இழுபட்டோ இருக்கும். சில மாதங்களில் மீண்டுவிடும். ஆனால் அறுவைக்கு முன்பே அந்த மரப்பை மருத்துவர் சோதித்துக் குறிப்பில் எழுதிவிட்டாரா என்று பாருங்கள். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் தோள்தசை அசையாவிட்டால் நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும். விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலோ, மணிக்கட்டில் நாடி மற்றக் கையைவிடக் குறைந்தாலோ அது ரத்தக் குழாய் பாதிப்பு. அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இளைஞர்களுக்கு எலும்பு கெட்டியாக இருப்பதால் ஸ்குரூ நன்றாகப் பிடிக்கும். பின்னாளில் பந்து கொஞ்சம் இற்றுப்போனாலும் சொந்த எலும்பே மேல் என்பதால், முடிந்தவரை பொருத்திப் பார்ப்பதுதான் முறை. செயற்கை மூட்டுக்கு ஆயுள் உண்டு. 34 வயதில் அதைத் தொடங்கினால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற நேரிடலாம். பாவு பிணைக்கவும், அறுந்த இழையை எட்டிப் பிடித்து முடிச்சுப் போடவும் தோள் உயர வேண்டிய உங்கள் தொழிலில், பெரிய புடைப்பு 5 மி.மீ. ஏறி நின்றாலே கை தூக்கும்போது மேலே இடிக்கும். உங்கள் தாயாருக்கு இதே அளவு விலகல் இருந்தால் நான் ஸ்லிங் போட்டு அனுப்பியிருப்பேன். உங்களை அனுப்ப மாட்டேன். செலவு பற்றிக் கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சேரும்போதே காட்ட வேண்டும், பில் போட்ட பிறகு காட்டுவதில் பயனில்லை.

கேள்வி: எங்கள் அம்மாயிக்கு வயது 76. தோள் எலும்பு நான்காக உடைந்துவிட்டது. பிளேட் சரிப்படாது, 'ரிவர்ஸ்' என்ற செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார்கள். மூட்டைத் தலைகீழாக வைப்பார்களாமே? கேட்கவே பயமாக இருக்கிறது. (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: தலைகீழ் என்பது உண்மைதான், ஆனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. இயற்கையில் கையெலும்பில் பந்தும் சிப்பி எலும்பில் கிண்ணமும் இருக்கின்றன. இந்தச் செயற்கை மூட்டில் சிப்பி எலும்பில் பந்தைத் திருகிவிட்டு, கையெலும்பின் முனையில் கிண்ணத்தை வைக்கிறார்கள். பிரான்சில் பால் கிராமோன் என்பவர் 1985-இல் இதை உருவாக்கினார். சுழல்தசை நாண்கள் கிழிந்தோ, அவை பற்றியிருந்த புடைப்புகள் நொறுங்கியோ போனவர்களுக்குக் கையைத் தூக்க ஆள் இல்லை. இந்த அமைப்பில் சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் தள்ளிப்போவதால், வெளியே இருக்கும் பெரிய தோள்தசை ஒன்றே நெம்புகோல் போலக் கையைத் தூக்கிவிடுகிறது. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தில் தாங்குமரத்தைத் தள்ளி நட்டால் இழுக்கும் பாடு குறைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பிளேட்டா, ரிவர்ஸா என்ற கேள்விக்கு நார்வேயில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு தெளிவான விடை தந்தது. 65 முதல் 85 வயது வரையுள்ள, மோசமாக விலகிய முறிவு கொண்ட 124 பேரில், இரண்டாம் ஆண்டு முடிவில், தோளின் வலியையும் இயக்கத்தையும் வைத்துப் போடும் மதிப்பெண்ணில் 100-க்கு ரிவர்ஸ் வைத்தவர்கள் சராசரியாக 68, பிளேட் வைத்தவர்கள் 54.6 பெற்றார்கள். ஆகவே அம்மாயிக்கு அறுவைதான் என்று முடிவாகிவிட்டால் பிளேட்டைவிட ரிவர்ஸ் நல்லது என்று உங்கள் மருத்துவர் சொல்வது சரி.

அறுவையே வேண்டுமா என்பது வேறு கேள்வி. 80 வயதைக் கடந்தவர்களிடம் ஸ்பெயினில் ரிவர்ஸையும் வெறும் ஸ்லிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓராண்டில் கையின் இயக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வலியில் மட்டும் ரிவர்ஸ் கொஞ்சம் மேலாக இருந்தது. அம்மாயி தானாகக் குளித்து, சமைத்து, தென்னந்தோப்பில் நடமாடுகிறவர் என்றால் ரிவர்ஸ் பற்றி நான் தயங்காமல் பேசுவேன். பெரும்பாலும் கட்டிலில் இருப்பவர், இதயக் கோளாறு உள்ளவர், புத்தி தடுமாற்றம் தொடங்கியவர் என்றால் ஸ்லிங்கோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது விட்டுவிட்டால் வாய்ப்பே போய்விடும் என்றும் அஞ்ச வேண்டாம். எலும்பு கோணலாகக் கூடி, ஆறு மாதம் கழித்தும் வலி தாங்காவிட்டால் அப்போதும் ரிவர்ஸ் வைக்கலாம்; அறுவை சற்றுக் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இதைப் பழகிய கை செய்ய வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு அவர்மீது மதிப்பே கூடும்.

கேள்வி: எங்கள் ஊரில் தோள் உடைந்த எத்தனையோ பேர் நாட்டு வைத்தியரிடம் முட்டைக்கட்டு போட்டுக் குணமாகியிருக்கிறார்கள். நீங்களே பாதிப் பேருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறீர்கள். பிறகு கட்டு போட்டால் என்ன தவறு? (வாசகர், காங்கயம்)

பதில்: நியாயமான கேள்வி, இதைக் கேட்டு எரிச்சலடையும் மருத்துவர்கள் தங்கள் பக்கத்து விடையைச் சரியாக யோசிக்காதவர்கள் என்றே நினைக்கிறேன். தோள் முறிவுகளில் பெரும்பாலானவை அதிகம் விலகாதவை. அவை யார் கட்டினாலும் கூடும், கட்டாவிட்டாலும் கூடும். குணமானவர்கள் என்று நீங்கள் எண்ணுகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

முழங்கைக்குக் கீழோ, கணுக்காலுக்கு மேலோ மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் எலும்பை ஓரளவு நிறுத்தலாம். தோளில் அது முடியாது. முறிந்த இடம் தசைக்குள்ளே, அக்குள் உயரத்தில் இருக்கிறது. பத்தையின் ஒரு முனையைப் பிடிக்க அங்கே இடமே இல்லை. கட்டு அங்கே எலும்பைப் பிடிப்பதில்லை, மனதைத்தான் பிடிக்கிறது. அதுவும் தேவைதான் என்று விட்டுவிடலாம், மூன்று தீங்குகள் இல்லாவிட்டால். கட்டுவதற்கு முன் எண்ணெய் விட்டு உருவுவதில் விலகாத எலும்பும் விலகும். இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே கை வீங்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும். எல்லாவற்றையும்விட, 45 நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்பதால், எலும்பு கூடும் நேரத்தில் மூட்டு இறுகிப்போகும். முறிவு கூடியும் கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த மூன்றாவது வகையினர். நழுவிய மூட்டு கட்டுக்குள்ளேயே இருந்து, இரண்டு மாதம் கழித்துப் படம் எடுத்தபோது தெரியவந்ததும் உண்டு. கட்டுக்குப் போவதாகவே முடிவெடுத்தாலும் போகும் முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: விழுந்து நான்கு நாள் கழித்து என் கணவருக்குத் தோளிலிருந்து முழங்கை வரையும், மார்பின் பக்கவாட்டிலும் கருநீலமாக இறங்கியிருக்கிறது. உள்ளே சீழ் பிடித்துவிட்டதா? (வாசகி, தாராபுரம்)

பதில்: இல்லை. எலும்பிலிருந்து கசிந்த ரத்தம் ஈர்ப்பால் தோலுக்கு அடியில் இறங்கி வருகிறது. ஒரு வாரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறையும். காய்ச்சலோ, மேலும் மேலும் ஏறும் வீக்கமோ, விரல் மரப்போ இருந்தால் மட்டும் காட்டுங்கள். அதன்மேல் எதையும் பூசித் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான், வயது 71. ஆபரேஷன் இல்லாமல் ஸ்லிங்கில் மூன்று வாரம் ஆகிவிட்டது. இனிப் பயிற்சி தொடங்குங்கள் என்கிறார் மருத்துவர். அசைத்தால் கூடிய எலும்பு மறுபடி விட்டுவிடாதா? எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் படம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது புரியவில்லை. (வாசகி, பெருந்துறை)

பதில்: அம்மா, அறுவையா இல்லையா என்று இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன், உண்மையில் ஓராண்டு கழித்து உங்கள் கை எங்கே நிற்கும் என்பதை இனி வரும் மூன்று மாதங்கள்தான் அதிகம் தீர்மானிக்கப்போகின்றன. அறுவை செய்துகொண்டவருக்கும் இதே பயிற்சிதான்.

மூன்று வாரத்தில் முறிந்த இடத்தில் பசை போன்ற இளம் எலும்பு பிடித்திருக்கும். பாரம் தாங்காது, மெல்லிய அசைவைத் தாங்கும். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நல்ல கையை ஊன்றி, இடுப்பை வளைத்து முன்னால் குனியுங்கள். ஸ்லிங்கை அவிழ்த்து, அடிபட்ட கையைத் தரையை நோக்கித் தொங்கவிடுங்கள். கை தன் கனத்திலேயே தொங்க வேண்டும். தோளை இறுக்கக் கூடாது. இப்போது கையை ஆட்டாமல் உங்கள் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிணற்றுக் கயிற்றில் வெறும் வாளி ஆடுவதைப் போலக் கை தானாக ஆடும். பிறகு சிறு வட்டம்; முதல் நாள் ஒரு சொம்பின் வாயளவு போதும். ஒருவேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு வேளை. தலை சுற்றினால் அதிகம் குனியாமல் நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள். வலி கொஞ்சம் இருக்கும். செய்து முடித்து அரை மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி, இரவு முழுதும் குடைந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டியிருக்க வேண்டும்; செய்யவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து மல்லாந்து படுத்து, நல்ல கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் தலைப்பக்கம் கொண்டுபோகலாம். ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடியது உறுதியான பிறகு, துணையில்லாமல் கையைத் தூக்கலாம். சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றிக்கொண்டே போய், எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஆசிரியைக்கு இந்தப் பழக்கம் பிடிக்கும். தண்ணீர்க் குடமும், நிறைந்த குக்கரும் 12 வாரத்துக்குப் பிறகுதான். இரவில் படுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்: இரண்டு தலையணையை முதுகுக்கு அடுக்கிப் பாதி சாய்ந்தும், முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தும் படுங்கள், முழங்கை பின்னால் சரியாமல் இருந்தால் வலி பாதியாகும். முன்னேற்றம் ஓராண்டு வரை நடக்கும். மூன்றாம் மாதத்தில் தோள் உயரத்தோடு நின்றுவிட்டதே என்று மனம் தளர்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு எட்டாம் மாதத்தில் பரணில் இருக்கும் டப்பா எட்டும்.

கேள்வி: நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே என் தோள் எலும்பு உடைந்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அது போதுமா? (வாசகி, அவிநாசி, வயது 64)

பதில்: போதாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து தோள் உடைந்தால், எலும்புத் தேய்மானம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். டெக்சா என்னும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். அடர்த்தி குறைவு என்று தெரிந்தால் அதற்கெனத் தனி மருந்துகள் உண்டு. வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கின்றன. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அவற்றைத் தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். தோள் உடைந்தவர்களுக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இடுப்பெலும்பு உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒன்றையும், வாசற்படியில் இரவு விளக்கு ஒன்றையும் இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.